மூன்றாம் பெட்டியின் எண்ணிக்கை

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முட்டி வலி மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லை. உங்களுக்கும் அத்தைக்கும் உடம்பு எப்படி?

தொலைபேசியில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பதால் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். அதில் முப்பத்தாறு ஸ்லைடுகள் இருக்கின்றன.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வு நிலையத்தில் ஒரே தடுப்பூசி மருந்தை இரண்டு வழியில் கொடுத்துப் பார்க்கிறோம். பதினெட்டுப் பேருக்கு வழக்கம்போலத் தோள் தசையில் ஊசி. இன்னொரு பதினெட்டுப் பேருக்குத் தபால்தலை அளவு பட்டை ஒன்றைத் தோலில் ஒட்டுகிறோம். அதில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருக்கும். மருந்து தோலோடு நின்றுவிடும். மேல்தோலில் கிளைவிரித்து உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வேண்டாத பொருள் வந்தால் அதைக் கவ்விக்கொண்டு, இருந்த இடத்தைக் காலிசெய்து, நிணநீர்க் கணுவுக்குப் போய் மற்ற எதிர்ப்புச் செல்களிடம் காட்டுபவை அவை. இந்த முப்பத்தாறு பேரிடமும் எடுத்த தோல் துண்டில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணினால் எத்தனை புறப்பட்டுப் போயின என்பது தெரிந்துவிடும்.

எங்களிடம் எண்ணும் மென்பொருள் இருக்கிறது. அது முடிக்காலையும் தோல் மடிப்பையும்கூடச் செல் என்று எண்ணிவிடுகிறது. மருத்துவமனைத் திசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் நுண்ணோக்கியில் கண் வைத்தவர் நீங்கள். எண்ணித் தருவீர்களா? மொத்தம் மூன்று பெட்டி. எந்த ஸ்லைடு யாருடையது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. முடியாது என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் படுவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
சின்னு


பிப்ரவரி 11

அன்புள்ள சின்னு,

நானும் உன் அத்தையும் சுகம்; அத்தை என்னைவிடச் சற்றுக் கூடுதலாக. அக்காவிடம் மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். தம்பி சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்.

முதல் இரண்டு நாள் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடும் எண்ணத்தில்தான் இருந்தேன். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. மற்றவர்கள் நம்பிக்கொண்டு இருக்கும் ஒரு வேலையை மறுபடி எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருந்தது. அத்தைதான், "எண்ணத்தானே சொல்றா, கண்டுபிடிக்கவா சொல்றா?" என்றாள். அது சரியாகப் பட்டது.

நான் செய்யும் முறையை எழுதிவிடுகிறேன். தவறு இருந்தால் சொல். ஜன்னல் ஓரத்து மேசை. ஓய்வுபெற்றபோது கழித்துக் கட்டியதிலிருந்து எனக்குக் கொடுத்த பழைய ஒற்றைக்கண் நுண்ணோக்கி. வழக்கம்போல வலது கண். கண்வில்லைக்குள் கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடிலும் இருபது இடத்தில் கட்டத்துக்குள் விழும், சாயம் ஏறிப் பழுப்பாகத் தெரியும் செல்களை மட்டும் எண்ணிக் கூட்டுகிறேன். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஒரு நாளைக்கு மூன்று ஸ்லைடு. மறுநாள் அதே மூன்றையும் முதல் நாள் கணக்கைப் பார்க்காமல் இன்னொரு முறை எண்ணுகிறேன். இரண்டுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை.

முதல் பெட்டியில் சராசரி, ஸ்லைடுக்கு நாற்பத்தொன்று. தாள்களை இணைத்திருக்கிறேன். வேறு யாரையாவது கொண்டு சரிபார்ப்பது நல்லது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை.

ஆசிகளுடன்,
மாமா


பிப்ரவரி 26

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் சொன்னதை அம்மாவிடம் மாடியில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

உங்கள் சொல்படியே பத்து ஸ்லைடை எடுத்து எங்கள் சாயக்காரம்மாவிடம் கொடுத்தேன். திசுவுக்குச் சாயம் ஏற்றுபவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். உங்கள் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் எந்த ஸ்லைடிலும் இரண்டுக்கு மேல் வித்தியாசமில்லை. உங்கள் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ரெண்டு தடவை எண்ணியிருக்காரே, வீட்ல இவரை யாரும் கூப்பிட மாட்டாங்களா மேடம்?" என்று கேட்டார்.

இனிச் சரிபார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் பெட்டி இத்துடன் வருகிறது.

அத்தைக்கு என் அன்பு.

சின்னு


ஏப்ரல் 16

அன்புள்ள சின்னு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாம் பெட்டிக்கு முதல் பெட்டியைவிட இரண்டு வாரம் கூடுதலாக ஆகிவிட்டது. அதற்குக் காரணம் கட்டக் கண்ணாடி. மார்ச் நடுவில் ஒரு நாள், அதன் நடுக்கோடுகள் நெளிந்திருப்பதைப் பார்த்தேன். சூட்டில் வளைந்திருக்கும் என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் பொருள்களை இப்படித்தான் செய்கிறார்கள் போலும். பிறகு ஒரு மாதிரிச் சரிசெய்துகொண்டு எண்ணி முடித்துவிட்டேன். வேலை பாதிக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பெட்டியின் சராசரி முப்பது. செல்கள் புறப்பட்டுப் போயிருக்கின்றன என்று கொள்ளலாமா? கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
மாமா

சின்னு, அடியில கொஞ்சம் இடம் இருக்கு, அத்தை எழுதறேன். கண்ணாடிச் சில்லு கோணல்னு இவர் கடைக்காரரோட சண்டைக்குப் போனார். இவர் சண்டை உனக்குத் தெரியுமே. "மன்னிக்கணும், இது லேசாக் கோணலா இருக்குமோ"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, அதுக்கும் நன்றி சொல்லிட்டு வந்துட்டார். நேத்து தண்ணியை டம்ளருக்குப் பக்கத்துல ஊத்தினார். கேட்டா டம்ளர் நகர்ந்துடுச்சாம். அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு.


மே 29

அன்புள்ள சின்னு,

அனைவரும் நலமென்று நினைக்கிறேன். இங்கும் அவ்வாறே.

நீ அனுப்பிய மூன்றாம் பெட்டியை முடித்துத் தாள்களுடன் திருப்பி அனுப்புகிறேன். சராசரி இருபது. பதினோரு ஸ்லைடுகளை மூன்றாவது முறையும் எண்ண வேண்டியிருந்தது. வேறு விசேஷம் இல்லை.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நலம் விசாரிப்பையெல்லாம் கடைசியில் மொத்தமாகச் செய்துவிடுகிறேன்.

எந்த ஸ்லைடு யாருடையது என்ற குறியீட்டைத் திறந்துவிட்டோம். இனி உங்களிடம் சொல்லலாம். பட்டை ஒட்டியவர்களுக்கு, மருந்துக்கு முன் நாற்பத்தொன்று, ஒரு நாள் கழித்து இருபத்தைந்து, மூன்றாம் நாள் பதின்மூன்று. தோலில் மருந்து பட்டதும் செல்கள் கூட்டமாகக் கிளம்பியிருக்கின்றன. இது நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது இன்னொன்று. தசையில் ஊசி போட்டவர்களிலும் குறைந்திருக்கிறது. நாற்பத்தொன்று, முப்பத்தைந்து, இருபத்தேழு. தோலைத் தாண்டி ஆழத்தில் கொடுத்த மருந்துக்கு மேல்தோல் செல்கள் ஏன் இடம் விட்டுப் போக வேண்டும்? தசையிலிருந்து தோலுக்கு ஏதோ ஒரு செய்தி போகிறது என்றுதானே அர்த்தம். யாரும் இதைச் சொன்னதில்லை. முந்தாநாள் ஆய்வாளர் கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். முடிந்ததும் கை தட்டினார்கள். எங்கள் இயக்குநர், எப்போதும் மணி பார்ப்பதால் நாங்கள் கடிகாரம் என்று சொல்வோமே, அவர் மணி பார்க்கவே இல்லை. டிசம்பரோடு முடிகிற என் வேலையை இரண்டு வருடம் நீட்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கட்டுரையில் எண்ணியவர் என்று உங்கள் பெயரும் வரும். அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

உடம்பு எப்படி? அத்தை எப்படி? உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

சின்னு


ஜூலை 1

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சந்தோஷம் எங்களுக்கும். அத்தை கடிதத்தை இரண்டு முறை வாங்கிப் படித்தாள். எனக்கு எதுவும் வேண்டாம்.

இங்கே குளியலறைக் குழாயை மாற்றினோம். வந்த குழாய்க்காரர் பழைய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதன் பெருமையைப் பேசிவிட்டுப் புதியதை மாட்டினார். எதிர் வீட்டில் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வெயில் பட்டால் கண் கூசுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவசரமில்லை. முதல் பெட்டியில் இருந்தவை எல்லாம் மருந்துக்கு முந்தைய ஸ்லைடுகளா? மூன்றாம் பெட்டி முழுவதும் மூன்றாம் நாளுடையதா? அல்லது கலந்து வைத்தாயா?

உன் பெயர் மட்டும் கட்டுரையில் வந்தால் போதும். என் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆசிகளுடன்,
மாமா


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம், நான் நலம். அடக்கம் என்றால் இப்படியா, பெயர் கட்டாயம் வரும்.

பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு நாளுடையது. பட்டைக்காரர்களையும் ஊசிக்காரர்களையும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கலந்துவிட்டேன், நாள்களைக் கலக்கவில்லை. சாயப் புட்டி ஒன்று முப்பத்தாறு துண்டுக்குத்தான் வரும். ஒரு நாளின் துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே புட்டிச் சாயம் இருந்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெட்டியும் முடிய முடிய உங்களுக்கு அனுப்பினேன். மூன்றும் முடியும்வரை காத்திருந்தால் கூட்டத்துக்கு நேரம் போதாது.

ஏன் கேட்கிறீர்கள்?

சின்னு


ஜூலை 30

அன்புள்ள சின்னு,

நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

இந்தக் கடிதத்தின் நான்கு பிரதிகளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 12 அன்று கட்டக் கண்ணாடியின் நடுக்கோடுகள் நெளிந்து தெரிந்தன. மார்ச் 20 அன்று புதிய சில்லைப் போட்டேன். அதுவும் நெளிந்தே தெரிந்தது. இதுவரை உனக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்கே இடது கண்ணை வைத்துப் பார்த்ததை எழுதவில்லை. இடது கண்ணுக்குக் கோடுகள் நேராக இருந்தன. பழைய சில்லை எடுத்து மாட்டினேன். அதுவும் நேராகத்தான் இருந்தது.

அந்த நாளே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முப்பத்துநான்கு வருடமும் வலது கண்ணால் எண்ணியவன். இடது கண்ணால் எண்ணிப் பார்த்தேன், செல்லையும் நிழலையும் பிரிக்கத் தெரியவில்லை. நடுவில் இருப்பதைச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் வலது கண்ணுக்கும் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொடர்ந்தேன். அதைத்தான் 'ஒரு மாதிரிச் சரிசெய்துகொண்டு' என்று எழுதினேன். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. குறைந்தால் செல்கள் புறப்பட்டுப் போயின என்றுதான் அர்த்தம் என நீ எழுதியிருந்தாய். ஆகவே குறைந்ததை நான் சந்தேகிக்கவில்லை. கூடியிருந்தால் சந்தேகித்திருப்பேன்.

தசையில் ஊசி போட்டவர்களிலும் குறைந்தது என்ற உன் வரியைப் படித்தபோது புரிந்துவிட்டது. அவை போகவில்லை, சின்னு. அங்கேயே இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பெட்டிகள் நாள் வரிசையில் வந்ததால் என் கண் கெட்ட வரிசையும் உன் நாள் வரிசையும் ஒன்றாகிவிட்டன.

கண் மருத்துவரிடம் போய்வந்தேன். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார்.

"சுமார் நாலு மாசமா."

"சுமாரா?"

"மார்ச் பன்னிரண்டிலேருந்து."

"தேதி ஞாபகம் இருக்கு. இங்க வரத்தான் ஞாபகம் இல்லையா ஐயா?" என்றார். விழித்திரையின் நடுவில் கசிவாம். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. அத்தை வெளியே வந்ததும், "தோலோட நிறுத்தறதுக்குப் பட்டை கண்டுபிடிக்கிறாளே உங்க மருமக, கண்ணுக்கும் ஒண்ணு கண்டுபிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

எல்லா ஸ்லைடுகளையும் நாள் தெரியாமல் கலந்து, வேறொருவரை எண்ணச் சொல். முன்பே எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய காரணம் எதுவும் உனக்குப் போதாது.

மாமா


ஆகஸ்ட் 31

மாமா,

நூற்றெட்டு ஸ்லைடுகளையும் கலக்கிப் புது எண் ஒட்டிச் சாயக்காரம்மாவிடம் கொடுத்தேன். நேற்று முடித்தார். பட்டை ஒட்டியவர்கள்: நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபது. தசை ஊசி: நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று.

ஒன்றுகூட அசையவில்லை.

தோலில் கொடுத்தால் செல்கள் புறப்படும் என்பது நிற்கிறது, நாம் சொன்ன அளவுக்கு இல்லை. தசையிலிருந்து தோலுக்குச் செய்தி எதுவும் போகவில்லை. கூட்டத்தில் நான் சொன்னதில் புதிதாக இருந்தது அது ஒன்றுதான்.

இதையும் நான் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பெட்டி வந்ததும், ஜூன் 9 அன்று, அதிலிருந்த தசை ஊசிக்காரர்களின் ஆறு ஸ்லைடுகளைச் சாயக்காரம்மாவிடம் எண்ணக் கொடுத்தேன். தசைக்காரர்களில் குறைந்தது எனக்கே வினோதமாகத்தான் இருந்தது. ஆறிலும் அவர் கணக்கு உங்களுடையதைவிடப் பத்துக்கு மேல் கூடுதல். அவசரத்தில் எண்ணியிருப்பார், நிழலையும் சேர்த்திருப்பார் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ய எனக்குப் பிடித்திருந்தது. தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துக் கூட்டத்தில் பேசினேன். உங்களுக்கு அந்தச் சந்தோஷக் கடிதத்தை எழுதும்போது அந்தத் தாள் என் முழங்காலுக்கு மேலே இழுப்பறையில் இருந்தது.

நேற்று சாயக்காரம்மா கணக்கைக் கொடுக்கும்போது, "ஜூன்ல நான் எண்ணினதை நீங்க நம்பல, பரவால்ல மேடம். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் யாரிடமும் சொல்லமாட்டார். சொல்கிறவர் இல்லை.

எண்ணியவர் என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டுமென்று இயக்குநர் கேட்கிறார். நேராக அவருக்கே அனுப்பலாம். ஜூன் 9 தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: நான், சாயக்காரம்மா, இப்போது நீங்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சின்னு


செப்டம்பர் 9

அன்புள்ள சின்னு,

நீயும் அக்காவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் கடிதத்தில் அக்காவின் முட்டியைப் பற்றி இல்லை.

சாயக்காரம்மாவின் கணக்கை என் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். முதல் பெட்டியில் வித்தியாசமில்லை. இரண்டாம் பெட்டியில் எட்டில் ஒன்றை விட்டிருக்கிறேன். மூன்றாம் பெட்டியில் மூன்றில் ஒன்று. பட்டைக்காரர்களிலும் ஊசிக்காரர்களிலும் அதே விகிதம். அவர் எண்ணியது சரி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இயக்குநருக்கு நேற்று பதிவுத் தபாலில் எழுதினேன். பிரதி இதனுடன். மார்ச் 12, மார்ச் 20, இடது கண், இடது கண்ணால் பார்த்ததை மறைத்தது, ஏப்ரல் கடிதத்தில் எழுதிய மழுப்பலான வரி, எல்லாம் தேதியோடு இருக்கின்றன. இரண்டரைப் பக்கம் வந்தது. அத்தை படித்துவிட்டு, "உங்களைப் பத்தி இவ்வளவு கெட்டதா நான்கூடப் பேசினதில்லை" என்றாள்.

ஜூன் 9 பற்றி அதில் எதுவும் இல்லை. உன்னைக் காப்பாற்ற விட்டதாக நினைக்காதே. அது நான் பார்த்தது அல்ல. பார்த்ததை மட்டுமே எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலைப் பழக்கம். பார்க்காததையும் சேர்த்து எண்ணியவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பார்க்கத் தவறியவன் என்பதே போதும்.

உன் ஆகஸ்ட் கடிதம் என்னிடம் இருந்தால், யாராவது கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை என்று நீ நினைப்பாய். இந்த வருடம் என்னைப் பற்றி நான் நினைத்த பல விஷயங்கள் சரியாக இல்லை. ஆகவே அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிரதி எடுக்கவில்லை. அதைக் கிழிப்பதும் கொடுப்பதும் உன்னைச் சேர்ந்தது. நீ எதைச் செய்தாலும் நான் உன் மாமாதான்.

மாமா


அக்டோபர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் முட்டி அப்படியே இருக்கிறது. மருத்துவர் குச்சி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறாள். நான் சௌக்கியம். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் தாளை இயக்குநர் என் முன்னால் வைத்துத்தான் படித்தார். படித்து முடித்துவிட்டு, "பெரியவர் ஒண்ணையும் விடலையே. வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதம் பன்னிரண்டு நாளாக என் பையில்தான் இருந்தது. ஒரு நாள் குப்பைக்கூடை வரை போய்வந்தது. "இருக்கு சார்" என்று சொல்லிக் கொடுத்தேன். இழுப்பறைத் தாளையும் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதை நீங்க குடுக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

"அப்ப ஏன் குடுக்கறீங்க?"

"அது என்கிட்ட இருக்கு சார், அதனாலதான்" என்றேன். அவர் மணி பார்த்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

முடிவு நேற்று வந்தது. தசை ஊசி பற்றி நான் பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கூட்டத்தாருக்கு எழுதியாகிவிட்டது. நானே எழுதினேன். பட்டை பற்றிய பகுதி சாயக்காரம்மாவின் கணக்கோடு வெளிவரும். எண்ணியவர் என்று அவர் பெயர் இருக்கும். ஆய்வு இன்னொருவர் பொறுப்புக்குப் போகிறது. அவர் ஸ்லைடுகளை எப்படிக் கலக்க வேண்டும் என்று என்னிடமே வந்து கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். வேலை நீட்டிப்பு இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்புறம், "அவன் சின்ன வயசுலயும் அடி விழும்னு தெரிஞ்சாதான் உண்மையைச் சொல்வான். ஆனா முழுசாச் சொல்லிடுவான்" என்றாள். நான் எந்தச் சாதி என்று கேட்டதற்கு, "நீ ரெண்டு நாள் லேட்டாச் சொல்ற சாதி" என்றாள்.

மாமா, கண் எப்படி இருக்கிறது? ஆகஸ்டில் எழுதியபோது கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல. அந்தக் கண்மேல் எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு மனிதரின் கண்மேல் கோபப்படுவது என்ன புத்தி என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது. இப்போது கேட்கிறேன். எவ்வளவு தெரிகிறது, எது தெரியவில்லை, ஊசி வலிக்கிறதா, எல்லாம் உங்கள் வழக்கப்படி தேதி போட்டு எழுதுங்கள்.

இரண்டாவது ஊசிக்குப் போன நாளில் நீங்கள் வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டதாகவும், பின்னாலேயே வந்து தெருமுனையில் பிடித்ததாகவும் அத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்தது என்றைக்கு? நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். இந்த மாதம் என்றால் ஞாயிறுதான் முடியும். டிசம்பருக்குப் பிறகு என்றால் எந்த நாளும் எனக்குத் தோதான நாள்தான்.

சின்னு